எஜமானன் கையில் விசா

2025ம் வருஷம் ஜூலை 22ந் தேதி பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு கதவைச் சாத்திற்று. முதியவர்களையும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிகளையும் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றிப் பராமரிக்கும் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது அன்றோடு நின்றது. இரண்டே நாள் கழித்து, ஜூலை 24ந் தேதி, அதே சர்க்கார் நமது இந்திய சர்க்காருடன் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கைகுலுக்கல், புகைப்படம், வாழ்த்துரை எல்லாம் தடபுடலாக நடந்தேறின.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது? ஸ்காட்லாந்து விஸ்கிக்கு இந்தியா போட்டிருக்கும் 150 சதவிகித வரி முதலில் 75 சதவிகிதமாகக் குறையும்; பத்து வருஷத்தில் 40 சதவிகிதத்துக்கு இறங்கும். இங்கிருந்து போகும் துணிமணிகளுக்கு பிரிட்டனில் வரி இல்லாமல் போகும். திருப்பூர் பனியனுக்கு இதனால் கிராக்கி ஏறி, பனியன் தொழிலாளிக்கு நாலு நாள் வேலை கூடுதலாகக் கிடைத்தால் அதை நாம் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் விஸ்கி இங்கே வரலாம், பனியன் அங்கே போகலாம், அந்தப் பனியனைத் தைத்த கை போகலாமா என்று கேட்டால் மட்டும் கனவான்களின் முகம் மாறிவிடுகிறது. சமையல் நிபுணர்கள், யோகாசன ஆசிரியர்கள், சாஸ்திரீய சங்கீத வித்வான்கள் ஆகியோருக்கு வருஷத்துக்கு 1,800 இடம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். கம்பெனிகள் தங்கள் உத்தியோகஸ்தர்களை அனுப்பிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அங்கே இடம் இல்லை.

கதவு சாத்தப்பட்டதைப் பற்றி மட்டும் பேசி நாம் நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. கதவு திறந்திருந்த காலத்தில் உள்ளே போனவர்கள் எந்தக் கயிற்றில் கட்டப்பட்டுப் போனார்கள் என்பதுதான் தொழிலாளி வர்க்கம் உற்றுப் பார்க்க வேண்டிய விஷயம்.

கதவைத் திறந்தவர்கள் யார்?

ஐரோப்பிய யூனியனை விட்டு பிரிட்டன் விலகியதும், போலந்து, ருமேனியா முதலிய நாடுகளிலிருந்து விசா இல்லாமல் வந்து வேலை செய்துகொண்டிருந்தவர்களின் வரத்து 2020ம் வருஷ முடிவோடு அறுந்தது. கொரோனா நோய் வேறு சேர்ந்துகொண்டது. 2021-22ல் இங்கிலாந்தில் மட்டும் பராமரிப்புத் தொழிலில் 1,65,000 இடங்கள் காலியாகக் கிடந்தன. ஒரு தொழிலில் ஆள் நிற்கவில்லை என்றால் கூலியை உயர்த்து, வேலை நேரத்தை ஒழுங்குபடுத்து என்பதுதான் சாதாரண ஜனங்களின் நியாயம். டோரி சர்க்கார் அதைச் செய்யவில்லை. 2022 பிப்ரவரியில் பராமரிப்புத் தொழிலாளர்களை ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்து, வெளிநாட்டு ஏழைகளை நோக்கிக் கையை ஆட்டிற்று. இந்தியாவிலிருந்தும், நைஜீரியாவிலிருந்தும், ஜிம்பாப்வேயிலிருந்தும் பல்லாயிரம் பேர் புறப்பட்டார்கள். நர்ஸ் படித்தவர்கள், ஆசிரியர்கள், பட்டதாரிகள் கூட அதில் உண்டு.

இரண்டு வருஷம் கூட ஆகவில்லை. கணக்குப் பார்த்த மந்திரிகளுக்கு எண்ணிக்கை கசந்தது. 2024 மார்ச் 11 முதல் இந்தத் தொழிலாளர்கள் மனைவி, கணவன், குழந்தைகளைக் கூட அழைத்து வரக்கூடாது என்றார்கள். பிறர் வீட்டுக் கிழவனுக்குச் சோறூட்ட வா. உன் குழந்தைக்கு ஊட்டும் கையை ஊரிலேயே விட்டுவிட்டு வா! அடுத்து வந்த லேபர் சர்க்கார் கதவையே சாத்தியது. திறமைத் தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு அதே நாளில் வருஷத்துக்கு 41,700 பவுண்டு ஆயிற்று. பராமரிப்புத் தொழிலாளிக்குக் கொடுத்தாக வேண்டிய குறைந்த சம்பளமோ 2025 ஏப்ரலில் 25,000 பவுண்டுதான்.

சீட்டு எழுதித் தருபவன் எஜமானன்

இந்த வேலை விசா எப்படிக் கிடைக்கிறது என்று நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிலாளி முதலில் மனுப் போட முடியாது. முதலாளி முதலில் பிரிட்டிஷ் உள்துறை இலாகாவிடம் ஸ்பான்சர் லைசென்சு வாங்க வேண்டும். லைசென்சு உள்ள முதலாளி, இன்னாருக்கு, இன்ன வேலைக்கு, இன்ன சம்பளத்துக்கு என்று ஒரு ஸ்பான்சர் சான்றிதழை எழுதுகிறான். காகிதம் கூட அல்ல, ஒரு நம்பர்தான் அது. அந்த நம்பரை வைத்துக்கொண்டு தொழிலாளி மனுப் போடுகிறார். ஆங்கிலப் பரீட்சை எழுதுகிறார். காசநோய் இல்லை என்று சான்று வாங்குகிறார். விசா மையத்தில் கைரேகை பதிகிறார். சர்க்கார் தருகிற அனுமதி அந்த முதலாளியிடம் அந்த வேலையைச் செய்வதற்கு மட்டுமே. நாட்டில் இருக்கும் உரிமையும் அதிலேயே தொங்குகிறது.

வேலை போனால் என்ன ஆகும்? முதலாளி உள்துறை இலாகாவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இலாகா ஒரு கடிதம் அனுப்பும். பொதுவாக 60 நாள் கெடு. அதற்குள் லைசென்சு உள்ள இன்னொரு எஜமானனைத் தேடிப் பிடித்து, புதுச் சான்றிதழ் வாங்கி, மறுபடியும் மனுப் போட வேண்டும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். ஆலையில் வேலை செய்யும் தோழர் ஒருவர் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். மேஸ்திரியோடு வாக்குவாதம் வந்தால் வேலை மட்டும் போவதில்லை. குடியிருக்கும் வீடு போகிறது, ஊர் போகிறது, வட்டிக்கு வாங்கிய கடனைத் திருப்பும் வழியும் போகிறது. அப்படிப்பட்ட தொழிலாளி ஓவர்டைம் கூலி கேட்பாரா? வாரத்துக்கு 39 மணி வேலை என்று சொல்லி அழைத்துவிட்டுப் பத்து மணிக்கே கூலி தருகிறாயே என்று கேட்பாரா? கேட்க மாட்டார் என்பது முதலாளிக்குத் தெரியும். விசாச் சட்டம் அவனுக்குச் சம்பளமில்லாத ஒரு காவற்காரன்.

கேட்டவர்களும் உண்டு. லண்டனில் ஓர் இந்தியப் பராமரிப்புத் தொழிலாளி, வாக்களித்த வேலையைக் கொடு என்று கேட்டதற்காக நீக்கப்பட்டார். அவர் சும்மா இருக்கவில்லை. தொழில் தகராறு மன்றத்துக்குப் போனார். 2024ல் நீதிபதி, இறுதித் தீர்ப்பு வரும் வரை அவருக்குச் சம்பளம் கொடுக்கும்படி உத்தரவிட்டார். வக்கீல் உதவியும் மனத்துணிவும் சேர்ந்திருந்ததால் அவரால் முடிந்தது. 60 நாள் கெடுவைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது முடியும்?

இனித் தரகன் விஷயத்துக்கு வருவோம். ஸ்பான்சர் சான்றிதழைத் தொழிலாளிக்கு விற்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் எந்தச் சீட்டு ஒருவனுடைய ஜீவனத்தையே தீர்மானிக்கிறதோ, அந்தச் சீட்டுக்குக் கள்ளச் சந்தை முளைப்பதை வெறும் சட்ட வாசகம் தடுத்துவிடுமா? பஞ்சாபிலும் கேரளத்திலும் நிலத்தையும் நகையையும் அடகு வைத்து லட்சக்கணக்கில் கொட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. போய் இறங்கிய பிறகு கம்பெனியில் வேலையே இல்லை என்று கண்டவர்களும் உண்டு. சில கம்பெனிகளுக்கு நோயாளிகளைப் பராமரிப்பதை விடச் சான்றிதழ் எழுதுவதே லாபகரமான தொழிலாக இருந்தது.

சர்க்கார் நடவடிக்கை எடுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470க்கு மேற்பட்ட லைசென்சுகளை ரத்து செய்ததாக அது அறிவித்தது. அந்த நிறுவனங்களோடு சம்பந்தப்பட்டிருந்த தொழிலாளர்கள் 39,000 பேருக்கு மேல் என்றும் சர்க்காரே சொல்லிற்று. நல்ல வேடிக்கை! முதலாளி மோசம் செய்தான். தண்டனை அவனுடைய லைசென்சுக்கு. லைசென்சு போனதும் கெடுக் கடிதம் வருவதோ மோசம் போன தொழிலாளிக்கு. திருடனைப் பிடித்துக் கொடுத்தால் பறிகொடுத்தவனை ஊரை விட்டுத் துரத்தும் நியாயம் இது. இந்த நியாயம் தெரிந்த பிறகு எந்தத் தொழிலாளி வாய் திறந்து புகார் கொடுப்பார்?

நமக்குப் பழக்கமான சீட்டு

இதைப் படிக்கும்போது நம்மில் வயதானவர்களுக்கு ஒரு பழைய சொல் ஞாபகம் வரக்கூடும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் "துண்டு" என்ற ஒரு முறை இருந்தது. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப் போவான். போக்குவரத்துச் செலவு, அரிசி, துணி எல்லாம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் தொகையை எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும்; புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்ட வேண்டும். துண்டு இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் வேலை இல்லை. அந்தத் தீவை அப்போது ஆண்டது யார்? லண்டனிலிருந்த இதே சர்க்கார்தான். எதிர்ப்பு வலுத்து, 1921ம் வருஷம் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நூறு வருஷம் கழித்து, அதே சர்க்கார் தன் சொந்த மண்ணில் வேறு பெயரில் அதே சீட்டை எழுதச் சொல்கிறது. அன்று சீட்டுக் காகிதத்தில் இருந்தது, இன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. முன்பணம் கொடுத்தவன் அன்று கங்காணி. இன்று முன்பணத்தையும் தொழிலாளியே கொடுக்கிறார். அதாவது தன்னைக் கட்டும் கயிற்றுக்கு அவரே விலை கொடுக்கிறார்.

எப்போதும் இப்படியே இருந்ததா என்றால், இல்லை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து பிரிட்டன் இடிபாடாய்க் கிடந்தபோது, 1948ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தின் கீழ் காலனிகளிலிருந்தும் காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் யார் வேண்டுமானாலும் விசா இல்லாமல் அங்கே போய் வேலை செய்யலாம். அந்த வருஷம் ஜூன் மாதம் ஜமைக்காவிலிருந்து வந்தவர்களை விண்ட்ரஷ் கப்பல் டில்பரித் துறைமுகத்தில் இறக்கிற்று. பஞ்சாபிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போனவர்கள் யார்க்ஷயர் கம்பளி ஆலைகளிலும் லங்காஷயர் பஞ்சாலைகளிலும் சேர்ந்தார்கள். எந்த ஷிப்ட்டில் தெரியுமா? ராத்திரி ஷிப்ட்டில். ஆலை முதலாளிகள் புது இயந்திரங்கள் போட்டிருந்தார்கள். போட்ட முதல் திரும்ப வேண்டுமானால் இயந்திரம் இருபத்துநாலு மணியும் ஓட வேண்டும். பெண்களை இரவில் வேலை வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. உள்ளூர் ஆண்கள் அந்தக் கூலிக்கு இரவு வேலைக்கு வரவில்லை. நம் கோவைத் தோழர்களுக்கு மூன்றாவது ஷிப்ட்டின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயினும் அந்தத் தொழிலாளியிடம் ஒரு ஆயுதம் இருந்தது. ஒரு மேஸ்திரி அட்டகாசம் செய்தால் பக்கத்து ஆலைக்குப் போகலாம். நாட்டை விட்டுத் துரத்த முடியாது. ஆகவே சண்டை போட முடிந்தது. 1965ல் பிரெஸ்டன் நகரில் கோர்ட்டால்ட்ஸ் கம்பெனியின் ரெட் ஸ்கார் ஆலையில், சொற்பக் கூலி உயர்வுக்கு ஈடாக ஒவ்வொருவரும் கூடுதல் இயந்திரங்களைப் பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. தொழிற்சங்க அதிகாரிகளே அதற்குத் தலையாட்டினார்கள். இந்திய, பாகிஸ்தானிய, மேற்கிந்தியத் தொழிலாளர்கள் சங்கத் தலைமையின் ஆதரவு இல்லாமலே வேலைநிறுத்தம் செய்தார்கள். தோற்றார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் தோற்ற பிறகு அவர்கள் நாடு கடத்தப்படவில்லை.

அந்த ஆயுதத்தைப் பறிக்கும் வேலை அதற்குள் ஆரம்பமாகிவிட்டது. 1962ல் டோரி சர்க்கார் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் கொண்டு வந்தது. மூன்று வகை வேலைச் சீட்டு: குறிப்பிட்ட முதலாளி அழைத்தவனுக்கு ஒன்று, படிப்பும் திறமையும் உள்ளவனுக்கு ஒன்று, எதுவும் இல்லாத சாதாரண உழைப்பாளிக்கு ஒன்று. லேபர் கட்சி பார்லிமெண்டில் இதைப் பலமாக எதிர்த்தது. ஆட்சிக்கு வந்ததும் அதே லேபர் கட்சி 1965ல் மூன்றாவது வகைச் சீட்டையே அடியோடு எடுத்துவிட்டு, மொத்தச் சீட்டை வருஷத்துக்கு 8,500 ஆகச் சுருக்கிற்று. 1971ம் வருஷத்துச் சட்டம் 1973 ஜனவரியில் அமுலுக்கு வந்தபோது, புதிதாக வரும் காமன்வெல்த் தொழிலாளியும் குறிப்பிட்ட முதலாளியிடம், குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு என்று கட்டுப்பட்டான். எதிர்க்கட்சியாக இருக்கும்போது தொழிலாளியின் நண்பன், மந்திரியானதும் முதலாளியின் வாயிற்காவலன்! இந்த நாடகம் பிரிட்டனுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

மாற்ற முடியும் என்பதற்குச் சாட்சி

இந்தக் கயிறு அறுக்க முடியாதது என்று யாராவது சொன்னால், வீட்டு வேலை செய்யும் பெண்களின் கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பணக்காரக் குடும்பங்கள் தங்களோடு பிரிட்டனுக்கு அழைத்து வந்த பிலிப்பைன்ஸ், இந்திய, இலங்கைப் பெண்கள் அந்த வீட்டு எஜமானியை விட்டு வெளியேறினால் சட்ட விரோதமானவர்கள் ஆகிவிடுவார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பூட்டுவது, பட்டினி போடுவது, அடிப்பது எல்லாம் நடந்தன. வெளியேறிய பெண்கள் ஒன்று கூடினார்கள். 1987ல் ஏற்பட்ட கலயான் என்ற அமைப்பும், போக்குவரத்துத் தொழிலாளர் பெருஞ்சங்கமும் அவர்களோடு நின்றன. பத்து வருஷத்துக்கு மேல் போராடினார்கள். 1998ல் எஜமானனை மாற்றிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. ஆகாயம் இடிந்து விழுந்துவிடவில்லை. 2012ல் டோரி-லிபரல் கூட்டு சர்க்கார் அந்த உரிமையைப் பறித்துக்கொண்டது. எதிர்ப்பு எழுந்ததும் 2016ல் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்: எஜமானனை மாற்றலாம், ஆனால் விசாவின் ஆயுள் ஆறே மாதம். ஆறு மாத விசாவில் மூன்று மாதம் போன பெண்ணுக்கு எந்த வீட்டில் புது வேலை கொடுப்பார்கள்?

ஆறு மாதம் என்றவுடன் வயல் வேலையையும் சொல்லிவிட வேண்டும். கெண்ட், ஹியர்போர்ட்ஷயர் பக்கத்துப் பண்ணைகளில் ஸ்ட்ராபெரிப் பழம் பறிப்பதற்கும் ஆப்பிள் பறிப்பதற்கும் பருவகாலத் தொழிலாளர் விசா என்று ஒன்று உண்டு. 2019ல் 2,500 பேருக்கு என்று பரீட்சார்த்தமாகத் துவக்கினார்கள். 2025ம் வருஷத்துக்குப் பண்ணை வேலைக்கு 43,000, கோழி வெட்டும் வேலைக்கு 2,000 என்று நிர்ணயித்தார்கள். கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், நேபாளம், இந்தோனேஷியா முதலிய நாட்டவர் போகிறார்கள். குடும்பம் கூடாது, ஆறு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது, வேறு விசாவுக்கு மாறக் கூடாது. ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு மாற, அழைத்து வந்த ஏஜென்சியின் தயவு வேண்டும். 2022ல் வந்த இந்தோனேஷியத் தொழிலாளர்களில் சிலர் ஊரில் தரகருக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கடன்பட்டிருந்தது அம்பலமாயிற்று. மழை பெய்து பழம் பழுக்காத வாரத்தில் வேலையில்லை, கூலியில்லை, ஆனால் தங்கும் கூண்டு வண்டிக்கு வாடகை மட்டும் தவறாது. கூக்குரல் எழுந்த பிறகு, 2023 ஏப்ரலிலிருந்து வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். அறுவடை முடிந்ததும் கூலியாள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்ற பண்ணையாரின் பழைய ஆசைக்கு இங்கே சர்க்கார் முத்திரையே கிடைத்திருக்கிறது.

படிக்கப் போகிற பிள்ளைகளின் பாடும் இதற்கு வெகு தூரமில்லை. 2025 ஏப்ரலில் மாணவர் விசாக் கட்டணம் 524 பவுண்டு ஆயிற்று. வைத்தியத்துக்கென்று ஒவ்வொரு வருஷத்துக்கும் 776 பவுண்டை முன்கூட்டியே வசூலிக்கிறார்கள். ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் என்பதை மறக்க வேண்டாம். இவை தவிர, முதல் வருஷக் கல்லூரிக் கட்டணமும் ஒன்பது மாதச் சாப்பாட்டுச் செலவும் பாங்கியில் 28 நாள் தொடர்ந்து கிடந்ததாகக் காட்ட வேண்டும். 2025 நவம்பர் கணக்கில் லண்டனில் படிப்பவருக்கு மாதம் 1,529 பவுண்டு. இந்த 28 நாளுக்கு மட்டும் பணம் வட்டிக்கு விடும் ஆசாமிகள் தோன்றிவிட்டார்கள். பரீட்சை எழுதப் போகிறவனின் புத்தியை விட அவன் தகப்பனாரின் பாஸ் புஸ்தகத்தை அல்லவா அங்கே பரிசோதிக்கிறார்கள்! போன பிறகு பாட நாட்களில் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கடன்காரன் வீட்டு வாசலில் நிற்கும்போது 21வது மணியில் வேலை செய்யும் மாணவன் குற்றவாளி. குற்றவாளி என்று தெரிந்தே அவனுக்குப் பாதிக் கூலி தரும் ஓட்டல் முதலாளி சமூகப் பிரமுகர். படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் தங்கி வேலை தேடலாம் என்றிருந்ததையும், 2027 ஜனவரி முதல் மனுப் போடும் பட்டதாரிகளுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைத்துவிட்டார்கள்.

வெறுமனே பார்க்கப் போகிறவர்? மகள் பிரசவித்திருக்கிறாள், பேரக் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று ஒரு தாய் நினைக்கிறாள். 1986 வரை இந்தியர்கள் விசா இல்லாமலே போய் இறங்க முடிந்தது. இப்போது ஆறு மாத விசாவுக்கு 127 பவுண்டு என்று 2025 ஏப்ரலில் நிர்ணயித்தார்கள். நிராகரித்தால் பணம் திரும்பாது. குடும்பத்தைப் பார்க்கப் போகிறவருக்கு இருந்த அப்பீல் உரிமையையும் 2013ல் எடுத்துவிட்டார்கள். திரும்பி வருவேன் என்று உத்தியோகஸ்தரை நம்ப வைக்க வேண்டும். எதைக் காட்டி? நிலப் பத்திரம், சம்பளச் சீட்டு, பாங்கிக் கணக்கு. நூறு குழி கூடச் சொந்தமில்லாத கூலிக்காரத் தாய் எதைக் காட்டுவாள்? பிறந்த ஊர், பெற்ற மற்ற பிள்ளைகள், புருஷனைப் புதைத்த மண் இவையெல்லாம் சான்று ஆகாது. சொத்து உள்ளவன் சொல் சத்தியம், சொத்தில்லாதவள் சொல் சந்தேகம் என்பதே அந்த மேஜையின் சட்டம்.

அதே மேஜையில் வேறொரு கூட்டத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது தெரியுமா? 2008ல் முதலீட்டாளர் விசா என்று ஒன்று வைத்தார்கள். ஆரம்பத்தில் 10 லட்சம் பவுண்டு, 2014 முதல் 20 லட்சம் பவுண்டு கொண்டு வருகிறவனுக்கு எந்த எஜமானனின் சீட்டும் வேண்டாம், ஆங்கிலப் பரீட்சையும் முதலில் வேண்டாம். இன்னும் அதிகம் கொட்டினால் நிரந்தரக் குடியுரிமை அவ்வளவுக்கவ்வளவு சீக்கிரம். பணம் எங்கிருந்து வந்தது என்ற சங்கடமான கேள்வி பெரிதான பிறகுதான், 2022 பிப்ரவரி 17ந் தேதி அதை மூடினார்கள். ஆம், பராமரிப்புத் தொழிலாளிக்குக் கதவு திறந்த அதே மாதத்தில்! இந்தத் தொழிலாளியோ, ஐந்து வருஷம் உழைத்த பிறகு நிரந்தரமாகத் தங்க மனுப் போடுவதற்கு 3,029 பவுண்டு கட்ட வேண்டும் என்று 2025 ஏப்ரலில் ஆயிற்று. சர்க்கார் தானே வெளியிடும் கணக்கில் மனுவைப் பரிசீலிக்க ஆகும் செலவைப் போல இது பல மடங்கு. அந்த ஐந்து வருஷத்தைப் பராமரிப்புத் தொழிலாளிகளுக்குப் பதினைந்தாக்கலாம் என்று 2025 நவம்பரில் ஒரு யோசனையும் வெளியிட்டார்கள். பதினைந்து வருஷம் எஜமானனின் முகம் பார்த்து வாழச் சொல்கிறார்கள்.

வெளியிலிருந்து ஆள் வந்தால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி இறங்காதா என்று ஒரு கேள்வி உண்டு. பிரிட்டிஷ் தொழிலாளி ஒருவர் அதைக் கேட்டால் அவரை இனவெறியர் என்று நாம் தள்ளிவிட மாட்டோம். கூலியைப் பற்றிக் கவலைப்படுவது தொழிலாளியின் உரிமை. நாம் அவருக்குச் சொல்வது இதுதான்: பக்கத்தில் நிற்பவன் வாய் திறந்தால் நாடு கடத்தப்படுவான் என்ற நிலை இருக்கும் வரை உங்கள் கூலியும் உயராது. கூலியை இறக்குவது அவன் நிறமோ பாஷையோ அல்ல, அவன் கழுத்தில் கிடக்கும் சீட்டு. அதை அவிழ்த்துவிட்டால் அவனும் உங்களோடு சங்கத்தில் நின்று கூலி கேட்பான். 1976 ஆகஸ்டில் வடமேற்கு லண்டனில் கிரன்விக் போட்டோக் கம்பெனியில் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணியின் தலைமையில் வெளிநடப்புச் செய்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர். 1977ல் அவர்களுக்காக யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் பஸ் ஏறி வந்து மறியலில் நின்றார்கள். கிரிக்கிள்வுட் தபால் ஊழியர்கள் கம்பெனியின் தபாலைத் தொட மறுத்தார்கள். இரண்டு வருஷப் போராட்டம் கடைசியில் வெற்றி பெறவில்லைதான். ஆனால் சேலை கட்டிய பெண்களுக்குப் பின்னால் சுரங்கத் தொழிலாளர்கள் அணி வகுத்ததை பிரிட்டிஷ் தொழிலாளி வர்க்கம் மறந்துவிடவில்லை. இப்போது யூனிசன் தொழிற்சங்கம் கேட்பதும் அந்த வழியில் வந்ததே: சீட்டுத் தனி முதலாளி கையில் இருக்க வேண்டாம், பராமரிப்புத் தொழில் முழுவதற்கும் பொதுவாக இருக்கட்டும், தொழிலாளி விரும்பிய இடத்தில் வேலை செய்யட்டும். இது நியாயமான கோரிக்கை. 2028 ஜூலை 22 வரை உள்ளே இருப்பவர்கள் விசாவை நீட்டிக்கலாம், எஜமானனை மாற்றலாம் என்று விட்டிருக்கிறார்கள். அந்தக் கெடு முடிவதற்குள் இந்தக் கோரிக்கை வெல்ல வேண்டும்.

நமது சர்க்காரின் பங்கு என்ன? விஸ்கிக்கு வரி குறைக்க மேஜையில் உட்கார்ந்தவர்கள், 60 நாள் கெடுவைப் பற்றி அதே மேஜையில் பேசியிருக்க வேண்டாமா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டு சர்க்காரிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 1983ம் வருஷத்துக் குடியகல்வுச் சட்டம். தொழிலாளியிடம் அவன் வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் பகிரங்கமாகக் கடை விரித்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் எழுதியபோது அதன் 24வது பிரிவில் வைத்த அபராதத்தின் உச்ச அளவு எவ்வளவு தெரியுமா? 2,000 ரூபாய்! தரகன் ஒரு வேளை விருந்துக்குச் செலவிடும் பணம். அபராதத்தை உயர்த்தி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும். லண்டன் ஹை கமிஷன் காரியாலயத்தில் கெடுக் கடிதம் வாங்கிய இந்தியத் தொழிலாளிக்குச் சட்ட உதவி செய்ய ஒரு தனிப் பிரிவு வேண்டும்.

போக நினைக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இரண்டொரு வார்த்தை. லைசென்சு பெற்ற முதலாளிகளின் பட்டியலை பிரிட்டிஷ் சர்க்கார் இன்டர்நெட்டில் இலவசமாக வெளியிடுகிறது. தரகன் சொல்லும் கம்பெனியின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் இருந்துவிட்டதாலேயே வேலையும் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். 470 கம்பெனிகளின் பெயரும் ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் இருந்தவைதான். சான்றிதழுக்கென்று யார் பணம் கேட்டாலும் அது சட்ட விரோதம். கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், ரசீதோ பாங்கி மூலமான கணக்கோ இல்லாமல் கொடுக்காதீர்கள். நமது ராஜ்ய சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. தரகனிடம் போகுமுன் அங்கே போய் விசாரியுங்கள். ஏற்கனவே அங்கே இருப்பவர்கள் வேலை நேரம், வாங்கிய சம்பளம், மேலாளர் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் தேதியோடு குறித்துப் பத்திரப்படுத்தி வையுங்கள். அங்கே சங்கத்தில் சேருவதற்கு வேலை விசா தடையல்ல. எஜமானனிடம் அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை.